'லாஸ் ஆஃப் லம்பார் லார்டோசிஸ்': இடுப்பு வளைவை எக்ஸ்ரேயில் எப்படி அளக்கிறார்கள்?

பெரியம்மாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எக்ஸ்ரே ரிப்போர்ட்டைக் கோணலாகப் பிடித்து எடுத்திருந்தார். மூலையில் அவருடைய கட்டைவிரலும் விழுந்திருந்தது. மொத்தமே நாலு வரி. இரண்டாவது வரியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்: 'லாஸ் ஆஃப் லம்பார் லார்டோசிஸ்'. பின்னாலேயே குரல்பதிவு: "ஏம்ப்பா, லாஸ்னு போட்டிருக்கே, எனக்கு எதுடா தொலைஞ்சு போச்சு?"

நான் எக்ஸ்ரே அறையில் வேலை பார்ப்பவன். படம் எடுத்துக் கொடுப்பது என் வேலை, நோய் என்னவென்று சொல்வது டாக்டரின் வேலை. ஆனால் படம் எடுத்தவனிடம்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதிலும் இந்த ஒரு வரியைப் பற்றிக் கேட்டவர்கள் அதிகம். எதுவும் தொலையவில்லை. அது ஒரு வளைவைப் பற்றிய வரி: இடுப்பின் முன்வளைவு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த வளைவைக் கோணமாக அளக்கலாம். எட்டாம் வகுப்பு ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த பாகைமானியே அதற்குப் போதும். ஆனால் எப்படி நின்றோம், எங்கே கோடு போட்டார்கள் என்பதைப் பொறுத்து அந்தக் கோணம் மாறும். இந்த இரண்டும் தெரியாமல் ரிப்போர்ட்டைப் படித்தால் வீண் பயம்தான் மிஞ்சும்.

முதலில் வளைவு என்னவென்று பார்க்கலாம்.

முதுகெலும்பை நேர் எதிரே நின்று பார்த்தால் தூண் மாதிரி நேராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் வந்து பார்த்தால்தான் நெளிவு தெரியும். கழுத்தில் 7 முள்ளெலும்புகள், அவை முன்பக்கமாக வளைந்திருக்கும். நெஞ்சுக்குப் பின்னால் 12, அவை பின்பக்கமாக. இடுப்பில் 5, அவை மறுபடி முன்பக்கமாக. அதற்குக் கீழே ஐந்து எலும்புகள் ஒன்றாக ஒட்டிப்போன சாக்ரம். கடைசியில் வால் எலும்பு. பின்பக்க வளைவு அதிகமானால் நம்மிடம் 'கூன்' என்ற நல்ல சொல் இருக்கிறது. இடுப்பின் முன்வளைவுக்கு அப்படிப் புழக்கத்தில் உள்ள தனிச்சொல் கிடையாது. அதனால்தான் 'லார்டோசிஸ்' என்று படித்ததும் ஏதோ வியாதி என்று தோன்றிவிடுகிறது. நடுமுதுகு லேசாகக் கூனியிருப்பது எவ்வளவு இயல்போ, இடுப்பு உள்வாங்கி இருப்பதும் அவ்வளவு இயல்பு.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் அம்மன் இடுப்பை ஒடித்து நிற்கும் திரிபங்கத்தைப் பார்த்திருப்பீர்கள். அது எதிரே நின்று பார்க்கும்போது தெரிகிற வளைவு, இடம் வலமாகப் போவது. முதுகெலும்பு நிரந்தரமாகவே அப்படிப் பக்கவாட்டில் வளைந்துவிட்டால் அதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். நாம் பேசுவது வேறு. அதே சிலையின் பக்கவாட்டில் போய் நின்றால் இடுப்புக்குப் பின்னால் ஒரு குழி தெரியும் பாருங்கள், அந்தக் குழி.

இந்தக் குழி பிறவியிலேயே வருவதில்லை. பிறந்த குழந்தையின் முதுகு மொத்தமும் கருப்பையில் சுருண்டிருந்த மாதிரியே ஒரே வில்லாக இருக்கும். மூன்று மாதத்தில் தலை நிற்கும்போது கழுத்து வளைவு வரும். எழுந்து நின்று நடக்கப் பழகும் ஒரு வயதையொட்டி இடுப்பு வளைவு உருவாகத் தொடங்கும். இரண்டு காலில் நிற்பதற்கு நாம் கொடுக்கும் விலை அது. மேல் உடம்பின் எடை இடுப்புக்கு நேர் மேலே விழ வேண்டுமென்றால் எங்கேயாவது வளைந்துதான் ஆக வேண்டும். வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும்போது அந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைப் பற்றிச் சுவாரஸ்யமான ஒன்றைச் சொன்னது: இடுப்பு முள்ளெலும்புகளில் பின்பக்கம் ஒடுங்கி ஆப்பு வடிவில் இருப்பவை ஆண்களுக்கு இரண்டு, பெண்களுக்கு மூன்று. கர்ப்பகாலத்தில் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து எடையைச் சமாளிக்க இது உதவுகிறது என்பது அவர்கள் விளக்கம்.

ஆப்பு என்றதும் நினைவுக்கு வருகிறது. வளைவு எங்கிருந்து வருகிறது? ஐந்து செங்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் நேராகத்தான் நிற்கும். வளைய வேண்டுமானால் செங்கல்லோ இடையில் வைக்கும் சாந்தோ ஒருபக்கம் தடித்திருக்க வேண்டும். முதுகில் இரண்டுமே நடக்கிறது. கீழ் முள்ளெலும்புகளும் அவற்றுக்கு இடையிலுள்ள டிஸ்க்குகளும் முன்பக்கம் உயரமாகவும் பின்பக்கம் குறுகியும் இருக்கும். அதனால் இடுப்பு வளைவு சீராகப் பரவி இருக்காது. மொத்த வளைவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடைசி இரண்டு அடுக்கிலேயே வந்துவிடும். மலைப்பாதையில் மேலே எல்லாம் லேசான திருப்பங்கள், அடிவாரத்தில் மட்டும் கொண்டை ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அளவெடுக்கும்போது இது ரொம்ப முக்கியம், சீக்கிரமே வருகிறேன்.

பெயர்களையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பு முள்ளெலும்புகளை மேலிருந்து கீழாக எல்1, எல்2 என்று எல்5 வரை எண்ணுவோம். சாக்ரத்தின் முதல் எலும்பு எஸ்1. டாக்டர் சீட்டில் 'எல்எஸ் ஸ்பைன் ஏபி லேட்டரல்' என்று எழுதியிருந்தால் இந்தப் பகுதியை நேராக ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடு என்று அர்த்தம். வளைவை அளக்க வேண்டியது இரண்டாவது படத்தில்.

படம் எடுக்கும் இடத்தில் நடப்பது

பக்கவாட்டுப் படம் நின்றும் எடுக்கலாம், ஒருக்களித்துப் படுத்தும் எடுக்கலாம். எலும்பு முறிவா, தேய்மானமா என்று பார்க்க எப்படி எடுத்தாலும் சரி. அதனால் பல இடங்களில் படுக்கவைத்தே எடுப்பார்கள். வலியோடு வந்தவருக்கும் அதுதான் சுகம், ஆடாமல் இருப்பார். வளைவை அளக்க வேண்டுமென்றால் கதை வேறு. ஒருக்களித்துப் படுப்பவர் முழங்காலை மடித்துக்கொள்வார். மடிக்கச் சொல்வதும் நாங்கள்தான், இல்லையென்றால் உருண்டுவிடுவார். தொடை வயிற்றை நோக்கி மடங்கினால் இடுப்பெலும்பு பின்னால் சுழலும், வளைவு தட்டையாகும். உட்காரும்போதும் அப்படித்தான். இதை நீங்களே பார்க்கலாம். நின்றபடி ஒரு கையைப் பின்னிடுப்புக் குழியில் வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்காருங்கள். கைக்கடியில் குழி மறைவது தெரியும்.

ஆகவே அளவெடுக்க நின்று எடுத்த படம்தான் வேண்டும். அதிலும் எப்படி நிற்பது என்று ஒரு முறை இருக்கிறது. செருப்பைக் கழற்ற வேண்டும். முழங்கால் மடங்காமல், இரண்டு காலிலும் எடை சமமாக. கண் நேரே பார்க்க வேண்டும். கைதான் பெரிய தொல்லை. தொங்கவிட்டால் முதுகெலும்பின் மேலேயே விழுந்து மறைக்கும். முன்னால் நீட்டினால் உடம்பு அந்த எடையைச் சமன்செய்யப் பின்னால் சாய்ந்துவிடும். அதனால் முழங்கையை மடித்து, விரல்களைக் கழுத்துப்பட்டை எலும்பின்மேல் வைத்துக்கொள்ளச் சொல்வோம். கும்பிடப் போய்ப் பாதியில் நிறுத்திய மாதிரி இருக்கும்.

சிரமம் என்னவென்றால், "இயல்பா நில்லுங்க" என்று சொன்ன மறுகணம் யாரும் இயல்பாக நிற்க மாட்டார்கள். பள்ளிக்கூட அசெம்பிளியில் 'அட்டென்ஷன்' சொன்ன மாதிரி நெஞ்சை நிமிர்த்திவிடுவார்கள். கோணம் அங்கேயே சில டிகிரி கூடிவிடும். அதனால் நான் நேராக நிற்கச் சொல்வதே இல்லை. "பஸ்ஸுக்கு நிக்கிற மாதிரி நில்லுங்கம்மா" என்பேன். அப்புறம் "மூச்ச விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க", பொத்தானை அமுக்கிவிடுவேன்.

எக்ஸ்ரே என்பது நிழல்தானே, நிழல் பெரிதாகுமே, அளவு தப்பாகாதா என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. விளக்கு வெளிச்சத்தில் சுவரில் கையால் மான் காட்டினால், கையை விளக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகப் போக மான் பெரிதாகும். ஆனால் கொம்பின் கோணம் மாறாது. சென்டிமீட்டரில் அளந்தால் நிழல் ஏமாற்றும், டிகிரியில் அளந்தால் ஏமாற்றாது. உடம்பு ஒருபக்கமாகத் திரும்பியிருந்தால் மட்டும் சிக்கல். அப்போது ஒரே எலும்புக்கு இரண்டு விளிம்பு தெரியும்.

கோடு போடுவது

முதுகெலும்பின் கோணத்தை அளப்பதில் இன்றைக்கும் அதிகம் புழங்குவது காப் முறை. நியூயார்க்கைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஜான் காப் 1948-இல் எழுதியது. அவர் இதைச் சொன்னது பக்கவாட்டு வளைவான ஸ்கோலியோசிஸுக்காக, அதாவது நேராக எடுத்த படத்துக்காக. வசதியாக இருந்ததால் பிற்பாடு லேட்டரல் படத்துக்கும் அதையே எடுத்துக்கொண்டார்கள்.

நான் பழைய பிலிமில் பென்சிலும் அடிமட்டமும் வைத்துக் கற்றுக்கொண்டவன். இப்போது கம்ப்யூட்டரில் நாலு சொடுக்கில் முடிந்துவிடும். இருந்தாலும் கையால் ஒருமுறை போட்டுப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். வாருங்கள், போடுவோம்.

எல்1 முள்ளெலும்பின் மேல்தட்டைக் கண்டுபிடியுங்கள். படத்தில் அது ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். அதன் முன்மூலையில் ஒரு புள்ளி, பின்மூலையில் ஒரு புள்ளி, இரண்டையும் இணைத்து ஒரு கோடு. அடுத்து எஸ்1-இன் மேல்தட்டுக்கு வாருங்கள். அது முன்பக்கம் சரிந்து, சறுக்குப்பலகை மாதிரி இருக்கும். அதிலும் இரண்டு புள்ளி, ஒரு கோடு. இந்த இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள கோணம்தான் லார்டோசிஸ்.

இரண்டையும் நீட்டினால் முதுகுக்குப் பின்னால் எங்கேயோ போய்ச் சந்திக்கும். பிலிமில் சில சமயம் அவ்வளவு இடம் இருக்காது. அதற்குத்தான் பள்ளிக்கூடத்து வித்தை: ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு செங்குத்துக்கோடு போடுங்கள். எல்1-இலிருந்து கீழ்நோக்கி, எஸ்1-இலிருந்து மேல்நோக்கி. அவை வயிற்றுப் பக்கமாக ஒன்றையொன்று வெட்டும். வெட்டும் இடத்தில் பாகைமானியை வையுங்கள். கோடுகளுக்கு இடையில் என்ன கோணமோ அதேதான் அவற்றின் செங்குத்துகளுக்கு இடையிலும் இருக்கும்.

ஒரு கணக்குப் போடலாம். எஸ்1 தட்டு கிடைமட்டத்திலிருந்து முன்பக்கம் 38 டிகிரி சரிந்திருக்கிறது. எல்1 தட்டு எதிர்த்திசையில், அதாவது பின்பக்கம் 16 டிகிரி சரிந்திருக்கிறது. கூட்டினால் 54 டிகிரி. அவ்வளவுதான் லார்டோசிஸ்.

சரி, இதே படத்தை இன்னொருவரிடம் கொடுக்கிறோம். அவர் கீழ்க்கோட்டை எஸ்1-இல் போடாமல் எல்5-இன் அடித்தட்டில் போடுகிறார். தப்பில்லை, அப்படி அளப்பவர்களும் உண்டு. எல்5-க்கும் எஸ்1-க்கும் இடையிலுள்ள டிஸ்க்கின் ஆப்புக் கோணம் 15 டிகிரி என்று வைத்தால், அவருக்கு வரும் விடை 39. அதே ஆள், அதே படம், அதே நிமிடம். ஒருவர் 54 என்கிறார், இன்னொருவர் 39 என்கிறார். வளைவின் பெரும்பகுதி அடிவாரத்தில் இருக்கிறது என்று முன்னே சொன்னேனே, அதை விட்டுவிட்டு அளந்ததன் விளைவு இது. அதனால் எங்கிருந்து எங்கே அளந்தது என்று சொல்லாத எண்ணை நான் மதிப்பதில்லை. 'எல்1-எஸ்1' என்று பக்கத்தில் எழுதியிருந்தால்தான் அது அளவு.

புள்ளி வைக்கும் கை எவ்வளவு தடுமாறலாம்? எல்1 தட்டின் நீளம் பிலிமில் 40 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மூலையில் புள்ளி 2 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால் கோடு ஏறக்குறைய 3 டிகிரி சாய்ந்துவிடும். கீழ்க்கோட்டிலும் அதேபோல் நடந்து, இரண்டு பிழையும் ஒரே பக்கம் சேர்ந்தால் 6 டிகிரி. மூலைகளோ கத்தியால் வெட்டிய மாதிரி இருக்காது. வயதானவர்களுக்கு விளிம்பில் எலும்பு முளைத்திருக்கும். குடலில் காற்று இருந்தால் படம் மங்கும். எஸ்1 தட்டின்மேல் இடுப்பெலும்பின் நிழல் விழுந்து கிடக்கும். ஆகவே தேர்ந்த இருவர் அளந்தாலும் 5 டிகிரி வரை வித்தியாசம் வருவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. போன வருஷம் 47, இந்த வருஷம் 43 என்று வந்தால் 'நாலு டிகிரி குறைந்துவிட்டது' என்று உட்கார்ந்து கவலைப்பட ஒன்றுமில்லை.

எண்ணுவதிலேயே தடுக்கி விழுவதும் உண்டு. எல்லோருக்கும் இடுப்பில் ஐந்து இருப்பதில்லை. சிலருக்கு எல்5 சாக்ரத்தோடு பாதி ஒட்டியிருக்கும். சிலருக்கு எஸ்1 தனியாகப் பிரிந்து ஆறாவது மாதிரி நிற்கும். அப்படிப்பட்ட படத்தில் எதை எஸ்1 என்று எடுத்துக்கொண்டோம் என்பதைக் குறித்துவைக்காவிட்டால், அடுத்த முறை அளப்பவர் வேறொன்றை எடுத்துக்கொண்டு நோயாளியை ஒரே நாளில் குணமாக்கிவிடுவார், அல்லது கெடுத்துவிடுவார்.

தட்டுகளை விட்டுவிட்டு எலும்புகளின் பின்சுவரை ஒட்டிக் கோடு போடும் இன்னொரு முறையும் இருக்கிறது. எல்1-இன் பின்விளிம்பில் ஒரு கோடு, எல்5-இன் பின்விளிம்பில் ஒரு கோடு. முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் அமெரிக்க கைரோபிராக்டிக் மருத்துவர்கள் மத்தியில் இதற்கு மவுசு அதிகம். ஹாரிசன் என்பவரின் பெயரால் சொல்வார்கள். அதில் எல்1 முதல் எல்5 வரை 40 டிகிரி என்பதை மாதிரி அளவாக வைத்துப் பேசுவார்கள். காப் முறையில் வந்த எண்ணை எடுத்து இந்த 40-உடன் ஒப்பிடக் கூடாது. இட்லி அரிசியைப் படியில் அளந்துவிட்டுக் கிலோ விலை கேட்பது மாதிரி ஆகிவிடும்.

எவ்வளவு இருந்தால் சரி?

பெரியவர்களுக்கு எல்1-எஸ்1 அளவில் 40 முதல் 60 டிகிரி என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆனால் முதுகில் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை நிற்கவைத்து எடுத்தால் 30-ஐயொட்டியும் ஆட்கள் இருக்கிறார்கள், 70-ஐத் தாண்டியும் இருக்கிறார்கள். இவ்வளவு அகலமான 'இயல்பு' வேறு எந்தப் பரிசோதனையிலாவது இருந்தால் நாம் அதைச் சந்தேகிப்போம். இங்கே அதற்குக் காரணம் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்தக் கட்டுரையில் சொல்ல வேண்டிய பெரிய விஷயம் இதுதான்.

முதுகெலும்பு எதன்மேல் நிற்கிறது? சாக்ரத்தின்மேல். சாக்ரம் இடுப்புக்கூட்டுக்குள் செருகியிருக்கிறது. அது எவ்வளவு சரிவாகச் செருகியிருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். அஸ்திவாரம் சரிவாக இருப்பவர் அதற்குத் தக்கபடி நிறைய வளைந்தால்தான் தலை இடுப்புக்கு நேர் மேலே வரும். அஸ்திவாரம் தட்டையாக இருப்பவருக்கு அவ்வளவு வளைய வேண்டிய வேலையே இல்லை.

இதை எண்ணாக்கிக் கொடுத்தவர் பிரான்ஸைச் சேர்ந்த ழெனெவியேவ் துவால்-பொப்பேர் என்ற பெண் மருத்துவர். 1990-களில் அவரும் கூட்டாளிகளும் முன்வைத்த கோணத்துக்குப் பெல்விக் இன்சிடென்ஸ் என்று பெயர். இடுப்புக் கோணம் என்று சொல்லிக்கொள்வோம். எஸ்1 தட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து தட்டுக்குச் செங்குத்தாக ஒரு கோடு இழுக்கிறோம். அதே புள்ளியிலிருந்து தொடையெலும்பின் பந்துமுனை மையத்துக்கு இன்னொரு கோடு. இரண்டு தொடைப் பந்துகளும் படத்தில் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாது, அதனால் இரண்டு மையங்களுக்கும் நடுப்புள்ளியை எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள கோணம்தான் இது.

இதன் அழகு என்னவென்றால், வளர்ச்சி முடிந்தபின் இது கிட்டத்தட்ட மாறுவதில்லை. குனிந்தாலும் நிமிர்ந்தாலும் அதே கோணம், ஏனென்றால் இது எலும்பின் அமைப்பு. நிற்கும் விதத்தால் மாறுவது இதற்குள் அடங்கிய இரண்டு கோணங்கள்தான்: சாக்ரத் தட்டின் சரிவு, இடுப்புக்கூடு பின்னால் சாய்ந்திருக்கும் அளவு. இரண்டையும் கூட்டினால் எப்போதும் இடுப்புக் கோணம் வரும். ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும்.

இப்போது இரண்டு பேரைப் பார்ப்போம். முதலாமவரின் இடுப்புக் கோணம் 42. இரண்டாமவருக்கு 68. நிற்கவைத்து எடுத்தால் இருவருக்கும் லார்டோசிஸ் 45 வருகிறது. 40 முதல் 60 என்ற பட்டியலை வைத்துப் பார்த்தால் இருவரும் பாஸ். ஆனால் மருத்துவர்கள் போடும் தோராயக் கணக்கு வேறு: லார்டோசிஸ் இடுப்புக் கோணத்தை ஒட்டி, 10 டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். முதலாமவருக்கு வித்தியாசம் 3 டிகிரிதான், எந்தப் பிரச்சினையும் இல்லை. இரண்டாமவருக்கு 23 டிகிரி பற்றாக்குறை. அவர் நிமிர்ந்து நிற்க இடுப்புக்கூட்டைப் பின்னால் சாய்த்து, அதுவும் போதாவிட்டால் முழங்காலையும் மடித்துச் சமாளிக்க வேண்டியிருக்கும். தொடையும் பின்னிடுப்புத் தசைகளும் சாயங்காலத்துக்குள் ஓய்ந்துபோகும்.

இதற்கெல்லாம் தொடைப் பந்து படத்துக்குள் இருக்க வேண்டும் அல்லவா? சாதாரண எல்எஸ் ஸ்பைன் படத்தில் அது பெரும்பாலும் கீழே வெட்டுப்பட்டுப் போய்விடும். அளவெடுக்கத்தான் கேட்கிறார்கள் என்று சீட்டில் எழுதியிருந்தால் நாங்கள் படத்தைக் கீழே இறக்கி எடுப்போம். எழுதியிருக்க மாட்டார்கள். இது எங்கள் தரப்பு நெடுநாள் புலம்பல், விடுங்கள்.

லியோனைச் சேர்ந்த பியேர் ரூசூலி என்ற அறுவை மருத்துவர் 2005-இல் இயல்பான முதுகுகளையே நான்கு வகையாகப் பிரித்தார். சாக்ரச் சரிவு 35 டிகிரிக்குக் கீழே இருப்பவர்களில் இரண்டு வகை, 35 முதல் 45 வரை ஒரு வகை, 45-க்கு மேல் ஒரு வகை. அவருடைய இரண்டாம் வகைக்காரர்களின் முதுகு பார்க்கவே தட்டையாக இருக்கும். பிறந்த அமைப்பே அதுதான். அவர்கள் படத்தைப் பார்த்து 'வளைவு இழந்துவிட்டது' என்று எழுதினால், இல்லாததை எப்படி இழப்பது?

அப்படியானால் ஏன் அளக்க வேண்டும்?

சாதாரண இடுப்பு வலிக்கு இந்த எண் அவ்வளவாக உதவாது என்பது என் அபிப்பிராயம் மட்டுமல்ல, அறையில் எங்களோடு நிற்கும் டாக்டர்களும் அப்படித்தான் சொல்வார்கள். வலியே இல்லாதவர்களிடமும் தட்டையான முதுகு இருக்கிறது. அழகான வளைவு உள்ளவர்களும் வலியில் துடிக்கிறார்கள். வலி வந்தவர் இறுகிப்போய் நிற்பதால் படத்தில் வளைவு குறைவாகத் தெரிவதும் உண்டு. அங்கே வலியால்தான் தட்டை, தட்டையால் வலி இல்லை.

அறுவை சிகிச்சை என்று வரும்போதுதான் இந்தக் கோணம் உயிர்நாடி. இது பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். அமெரிக்காவின் ஹூஸ்டனில் பால் ஹாரிங்டன் என்ற மருத்துவர், போலியோவால் முதுகு வளைந்துபோன குழந்தைகளுக்காக ஓர் உலோகக் கம்பியை உருவாக்கினார். 1960-களில் அது உலகமெங்கும் பரவியது. பக்கவாட்டு வளைவைப் பிடித்து நீட்டி நிமிர்த்தும் கம்பி அது. நேராக எடுத்த படத்தில் முதுகு நிமிர்ந்தது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் கம்பி இடுப்புவரை இறங்கியவர்களுக்கு, நீட்டிய நீட்டலில் பக்கவாட்டுப் படத்தின் இயல்பான உள்வளைவும் சேர்ந்தே நிமிர்ந்துபோனது. சில வருஷம் கழித்து அவர்களில் பலர் முன்னால் சாய்ந்தபடியே நடக்க ஆரம்பித்தார்கள். நிமிர முடியவில்லை, நின்றால் முதுகு கடுகடுத்தது. ஃபிளாட்பேக், அதாவது தட்டை முதுகு என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஒரு பக்கத்து வளைவைச் சரிசெய்யப் போய் இன்னொரு பக்கத்து வளைவைக் கெடுத்த கதை. இன்றைக்கு இடுப்பில் திருகாணியும் கம்பியும் போடுவதற்கு முன்னால் கம்பியை எத்தனை டிகிரி வளைக்க வேண்டும் என்று திட்டம் போடுகிறார்கள் என்றால் காரணம் அந்த அனுபவம்தான். முள்ளெலும்பு ஒன்றன்மேல் ஒன்று நழுவுவது, முதுமைக் கூன், பழைய முறிவு ஆகியவற்றிலும் இந்தக் கோணத்தைப் பார்ப்பார்கள்.

கதிர்வீச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை அளக்கும் அலகு மில்லிசீவர்ட். இடுப்பு எக்ஸ்ரேக்குத் தோராயமாக 1.5 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நாம் எல்லோரும் சும்மா இருந்தே வருஷத்துக்கு வாங்கிக்கொள்ளும் உலக சராசரி 2.4. பயப்படும் அளவில்லை, ஆனால் நெஞ்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு அதிகம். வயிற்றுப் பகுதி என்பதால் பெண்களிடம் கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்போம். கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும். அடிக்கடி படமெடுக்க வேண்டிய பிள்ளைகளுக்காக இயோஸ் என்றொரு இயந்திரம் வந்திருக்கிறது. நின்றபடியே நேரையும் பக்கத்தையும் ஒரே நேரத்தில், குறைந்த கதிரில் எடுக்கும். இயற்பியலுக்காக 1992-இல் நோபல் வாங்கிய ஜார்ஜ் ஷார்பாக் கண்டுபிடித்த உணர்கருவியிலிருந்து பிறந்தது அது. பெரிய நகரங்களில்கூட எங்கோ ஒன்றுதான் பார்க்க முடியும்.

வீட்டில் சுவரில் முதுகைச் சாய்த்து நின்று, இடுப்புக்குப் பின்னால் கை நுழைகிறதா என்று பார்க்கும் சோதனையைப் பலர் கேட்கிறார்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் அது தசையையும் சதையையும் சேர்த்துப் பார்ப்பது, எலும்பின் கோணத்தைச் சொல்லாது.

பெரியம்மாவுக்கு வருகிறேன். ரிப்போர்ட்டை விட்டுவிட்டு எக்ஸ்ரே படத்தையே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எடுத்து அனுப்பச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பையன் அழகாக எடுத்து அனுப்பினான். 'ஸ்டாண்டிங்' என்ற எழுத்து எங்கேயும் இல்லை. போன் போட்டேன்.

"பெரியம்மா, படம் எடுக்கும்போது நின்னீங்களா, படுத்திருந்தீங்களா?"

"ஒருக்களிச்சுப் படுக்கச் சொன்னாங்கப்பா. குளிரு வேற. காலை நல்லா மடக்கி வச்சுக்கிட்டேன்."

"எவ்வளவு மடக்கி?"

"முட்டி வயித்துல இடிக்கிற மாதிரி."

டாக்டரைப் பார்க்கும்போது இதைச் சொல்லுங்கள் என்றேன். இன்னொரு படம் எடுக்கலாமா என்று கேட்டார். டாக்டர் கேட்காமல் வேண்டாம் என்றேன். அந்தப் படத்திலும் எல்1-இலிருந்து எஸ்1 வரை கோடு போட்டுப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனிலேயே விரலால் இழுத்து அளந்தேன், 36 வந்தது. முட்டி வயிற்றில் இடிக்கப் படுத்திருந்தவருக்கு 36.